இசைத் திருவிழாவில் குடிக்காமல் இருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடிப்பதில்லை, ஆனால் இசைத் திருவிழாக்களை விடுவதும் இல்லை. இது தெரிந்ததும் ஆட்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்பவர்கள் பல ரகம்: திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டியவர்கள், உடம்புக்காகக் குறைப்பவர்கள், குடியை அடியோடு விட்டவர்கள். எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாத இடங்களில் அதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

குடிக்காம போனா போர் அடிக்காதா?

முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் அடிக்கும். மற்றவர்கள் ஒரு சுற்று முடித்துச் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றால் அந்தக் கூச்சம் சீக்கிரம் கரைந்துவிடும். பார் பக்கத்திலேயே நின்றால் கரையாது. இரவு கடைசிக் குழு மேடை ஏறும்போது பாதிப் பேர் தள்ளாடிக்கொண்டிருக்க, நமக்கு மட்டும் தெம்பு மிச்சமிருக்கும். போரடிக்குமா என்ற கேள்வி அப்போது எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

இது ஒன்றும் புதுப் பழக்கமல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், 'ஹார்ட்கோர் பங்க்' என்ற ஆவேசமான ராக் இசையின் ரசிகர்களிடமிருந்து கிளம்பிய 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற போக்கு மதுவையும் போதையையும் ஒதுக்கியது. வயது நிரம்பாதவர்களுக்கு மது ஊற்றிவிடக் கூடாது என்று கிளப்புகளில் கையில் பெரிய 'எக்ஸ்' குறி போடுவார்கள். அந்தக் குறியையே இவர்கள் பெருமையாகத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அந்தக் கச்சேரிகளில் யாரும் தூங்கி வழியவில்லை.

தண்ணி, கோலா தவிர குடிக்க வேற என்னதான் கிடைக்கும்?

முன்பைவிட நிறையவே கிடைக்கிறது. ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது பெரிய விழாக்களில் பரவலாக உண்டு. ஜெர்மனியின் கிளவுஸ்தாலர் 1979-லேயே வந்துவிட்டது என்றாலும், 2017-இல் ஹைனகன் 0.0 வந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் வேகமாகத் திரும்பின. ஜின் போன்ற வாசனையோடு ஆல்கஹால் இல்லாமல் வடிக்கப்படும் பானங்களும் உண்டு. 2015-இல் வந்த சீட்லிப் அதில் முன்னோடி. இவை தவிர மாக்டெயில் (மது சேர்க்காத காக்டெயில்), கொம்புச்சா (நொதிக்கவைத்த தேநீர்), சோடா, ஐஸ் டீ, காபி.

என்னைக் கேட்டால், சோடாவில் எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டதற்கு ஈடு இல்லை. எந்தப் பாரிலும் கிடைக்கும், தித்திப்பு இல்லை, பார்த்தால் ஜின் டானிக் மாதிரியே இருக்கும். கோலாவை இரவு முழுக்கக் குடிக்க முடியாது. 330 மில்லி கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. இரண்டு உள்ளே போனாலே ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவான சுமார் 50 கிராமைத் தாண்டிவிடும்.

போவதற்கு முன் விழாவின் இணையதளத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: இலவசக் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, காலி பாட்டில் கொண்டுபோக விடுவார்களா. இதைப் பார்க்காமல் போனால் தாகம் எடுக்கும்போது கண்ணில் படுவது பார் மட்டும்தான்.

0.0-ன்னு ஒரு பாட்டில், 0.5-ன்னு ஒரு பாட்டில். ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அந்த எண் பானத்தின் மொத்த அளவில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 0.5 என்றால் கொஞ்சம் இருக்கிறது. 0.0 என்றால் எண்ணைச் சுருக்கிப் போட்டால் பூஜ்யம் வருகிற அளவுக்குக் குறைவு.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 'ஆல்கஹால் இல்லாதது' என்ற வார்த்தைக்கு நாட்டுக்கு நாடு எல்லை வேறு. ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் அப்படி எழுதலாம். அமெரிக்காவில் 'நான் ஆல்கஹாலிக்' என்றால் 0.5-க்குக் கீழே, 'ஆல்கஹால் ஃப்ரீ' என்று எழுத வேண்டுமானால் ஆல்கஹாலே இருக்கக் கூடாது. பிரிட்டன் நீண்ட காலம் 0.05-ஐ எல்லையாக வைத்திருந்தது. ஆகவே முகப்பில் இருக்கும் பெரிய எழுத்தை நம்ப வேண்டாம், பின்பக்கம் பொடியாக இருக்கும் எண்ணைப் பாருங்கள். குழாயிலிருந்து பிடித்துக் கொடுக்கும் பீரில் பார்க்க எண்ணே இருக்காது. சாதாரண பீர் வந்த அதே குழாயிலா இது வருகிறது என்பதும் நமக்குத் தெரியாது. மூடி திறக்காத பாட்டிலோ கேனோ கேட்டு வாங்குவதுதான் நல்லது.

அந்த 0.5-ஐ நாலஞ்சு அடிச்சா போதை ஏறுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 மில்லி 0.5 பீரில் இருக்கும் சுத்த ஆல்கஹால் சுமார் 2 கிராம். அதே அளவு 5 சதவீத பீரில் சுமார் 20 கிராம். பெரியவர் ஒருவரின் உடம்பு தோராயமாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை வெளியேற்றிவிடும். போதை ஏறும் வேகத்தில் இதைக் குடிக்க வேண்டுமானால் வயிறு இடம் கொடுக்காது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும் ரொட்டியிலும்கூட இயல்பாகவே துளி ஆல்கஹால் உண்டு.

போதை ஏறாது என்பதால் எல்லோருக்கும் சரி என்று அர்த்தமில்லை. யாருக்குச் சரிப்படாது என்று பின்னால் வருகிறது.

மாக்டெயில், கொம்புச்சா எல்லாம் பயமில்லாம குடிக்கலாமா?

பெரும்பாலும் குடிக்கலாம், கொஞ்சம் கேட்டுவிட்டு. மாக்டெயிலில் சில இடங்களில் கசப்புச் சுவைக்காக 'பிட்டர்ஸ்' இரண்டு சொட்டு விடுவார்கள். சொட்டுதான் என்றாலும் அங்கொஸ்டுரா என்ற பிரபல பிராண்டின் பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம், அதாவது வழக்கமான விஸ்கியைவிட அதிகம். ஒரு கிளாஸில் அது சொற்பம்தான். ஆனால் ஒரு சொட்டும் கூடாது என்பவர்கள் 'பிட்டர்ஸ் வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொம்புச்சா நொதித்துத் தயாராவது. கிருமி நீக்கம் செய்யாத கொம்புச்சா வெயிலில் கிடந்தால் பாட்டிலுக்குள்ளேயே தொடர்ந்து நொதித்து 0.5-ஐத் தாண்டக்கூடும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டம் நெரிகிற பாரில், காது கிழிகிற சத்தத்தில், அவசரத்தில் கிளாஸ் மாறிப்போவது. வாங்கியதும் முகர்ந்து பாருங்கள், ஒரு வாய் மட்டும் குடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். இதற்கெல்லாம் வெட்கப்படவே வேண்டாம்.

எனர்ஜி டிரிங்க் குடிச்சு விடிய விடிய தாக்குப் பிடிக்கலாமா?

ஒரு கேன் என்றால் சரி. ரெட் புல் 250 மில்லி கேனில் 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை, ஒரே வேளையில் 200 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு. பெரிய கேன்களில் சில ஒன்றே 160-ஐத் தொடும். இடையில் காபியும் குடித்திருப்பீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் குடித்தால் கூடாரத்தில் படுத்துக்கொண்டு துணியைப் பார்த்தபடி விடிய வேண்டியதுதான்.

தண்ணி எவ்வளவு குடிக்கணும்?

தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். வெயிலில் மணிக்கணக்கில் ஆடினால் தாகத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே குடியுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது. அதனால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்ளாமல் நடுவில் உப்புள்ள தின்பண்டம் எதையாவது சாப்பிடுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நிறையக் குடித்த பிறகும் ஒருவர் பிதற்றினால் இன்னும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போங்கள்.

கையில ஒண்ணும் இல்லாம நிக்கிறதுக்கே ஒரு மாதிரி இருக்கே?

அப்படியானால் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். கையில் நிறைந்த கிளாஸ் இருக்கும்வரை யாரும் இன்னொன்றை நீட்ட மாட்டார்கள். காலியான கைதான் அழைப்பு. லிக்விட் டெத் என்ற நிறுவனம் வெறும் தண்ணீரை பீர் கேன் தோற்றத்தில் அடைத்து மண்டையோட்டுப் படம் போட்டு விற்கிறது. முதலில் சிரிப்பாக இருந்தாலும் கச்சேரிக் கூட்டத்தில் அதற்கு ஏன் கிராக்கி என்று நின்று பார்த்தால் புரியும்.

'ஏன் குடிக்கல'ன்னு துளைச்சா என்ன சொல்றது?

"வேண்டாம், இது போதும்." அவ்வளவுதான். காரணம் சொல்ல ஆரம்பித்தால் அது பட்டிமன்றம் ஆகிவிடும். போதையில் இருப்பவரோடு பட்டிமன்றத்தில் ஜெயிக்க முடியாது. வண்டி ஓட்டுகிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சின்னப் பொய் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அறிமுகமில்லாதவரிடம் சொன்னால் குற்றமில்லை. நெருங்கிய நண்பரிடம் அது பலிக்காது, அடுத்த விழாவுக்கு வேறு பொய் தேட வேண்டிவரும்.

ஒரு தடவை கேட்பது அக்கறை அல்லது வழக்கம். வேண்டாம் என்ற பிறகும் மூன்றாவது தடவை கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் இடத்தை விட்டு நகருங்கள்.

கூட வர்ற எல்லாருமே குடிக்கிறவங்க. நான் மட்டும் எப்படி?

கிளம்புவதற்கு முன்பே ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்: "இந்தத் தடவை நான் குடிக்கல, யாராவது வற்புறுத்தினா நீ பார்த்துக்கோ." இரவு பதினொரு மணிக்கு வரிசையில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகவே போகும். எல்லாவற்றையும் பகலிலேயே, வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும்: என்ன குடிப்பேன், எந்தக் குழுக்களைக் கட்டாயம் பார்ப்பேன், எத்தனை மணிக்குக் கிளம்புவேன், எதில் திரும்புவேன். தனியாகத் திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஆனால், குடிக்காதவர் என்பதற்காக ஊர்ப்பட்ட பைகளுக்கும் போன்களுக்கும் காவல்காரராகவும், கடைசியில் எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடும் ஓட்டுநராகவும் ஆகிவிடாதீர்கள். விரும்பினால் செய்யலாம். அது உங்கள் கடமை என்று யாராவது நினைத்தால் திருத்திவிடுங்கள்.

0.5 பீர் குடிச்சிட்டு வண்டி ஓட்டலாமா?

மேலே போட்ட கணக்குப்படி ரத்தத்தில் பெரிதாக எதுவும் ஏறாது. ஆனால் குடித்த உடனே மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதினால், வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலை அது பிடிக்கலாம். கால் மணி நேரம் போனால் அது அடங்கும். சட்டம் துளிகூட அனுமதிக்காத இடங்களில் ஓட்டுபவருக்கு 0.0 தான்.

மாத்திரை சாப்பிடுறேன் / கர்ப்பமா இருக்கேன். 0.5 பரவாயில்லையா?

குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் 0.5-ஐயும் தொடக் கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வருவது போன்ற எதிர்விளைவு சிறு அளவு ஆல்கஹாலிலேயே வரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த அபாயம் இருக்கிறது. மேலே சொன்ன பிட்டர்ஸ் சொட்டும் இவர்களுக்கு விளையாட்டல்ல. மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்துகளுக்கு மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று எந்த அளவும் நிறுவப்படவில்லை. அதனால் 0.0 அல்லது வேறு பானம்.

ஆல்கஹால் இல்லைன்னு எழுதி, 'ரிலாக்ஸ் ஆகும்'னு ஒரு கேன் விக்கிறாங்களே?

அதை வாங்கும் முன் இரண்டு தடவை படியுங்கள். ஆல்கஹால் இல்லை என்ற வாசகம் போதையே இல்லை என்று உறுதி தராது. இப்படி விற்பவற்றில் சிலவற்றில் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தரும் டி.எச்.சி. இருக்கும், சிலவற்றில் கவா என்ற பசிபிக் தீவுச் செடியின் வேர், சிலவற்றில் கிராட்டம் என்ற தென்கிழக்கு ஆசிய மரத்தின் இலை. டி.எச்.சி. குடித்த உடனே தெரியாது. ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது கேனைத் திறக்கும்போதுதான் முதலாவது ஏற ஆரம்பிக்கும். கவா தூக்கத்தைக் கொண்டுவரும், கல்லீரலைப் பாதித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. கிராட்டம் பழக்கத்துக்கு அடிமையாக்கக் கூடியது. குடியை விட்டவர்கள் இந்த அடுக்கின் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

குடியை விட்டு கொஞ்ச நாள்தான் ஆகுது. போகலாமா?

ஒத்திப்போடலாம் என்று தோன்றினால் ஒத்திப்போடுங்கள். விழா அடுத்த வருடமும் வரும். பல நாள் கூடாரம் போட்டுத் தங்கும் விழாவை முதல் சோதனையாக வைத்துக்கொள்ளாமல், மாலையில் தொடங்கி இரவே வீடு திரும்புகிற ஒரு நாள் நிகழ்ச்சியில் ஆரம்பிப்பது நல்லது. கூட வருபவர் குடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. டிக்கெட் வீணாகிறதே என்று மட்டும் போகாதீர்கள்.

ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இழுப்பது இசையா, பழைய கொண்டாட்டமா? எந்தக் குழுவைப் பார்க்கப் போகிறோம் என்று பெயர் சொல்ல முடிந்தால் நல்ல அறிகுறி. விழா என்றதும் கூடாரமும் பழைய கூட்டாளிகளும் மட்டும் நினைவுக்கு வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

குடியை விட்டவங்க ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா?

இதில்தான் சண்டையே நடக்கும். சிலருக்கு அது ஊன்றுகோல்: கூட்டத்தோடு நிற்கலாம், வாய்க்கும் பழகிய ருசி. வேறு சிலருக்கு அந்தக் கசப்பும் நுரையும் வாசனையுமே தூண்டில். இரண்டாவது பாட்டிலில் மனசு 'இது போதாது' என்று சொல்ல ஆரம்பிக்கும். எண் 0.0 ஆக இருந்தாலும் இந்தத் தூண்டுதல் குறையாது, ஏனென்றால் வேலை செய்வது ஞாபகம்.

நான் சொல்வது இது: விழாவில் முதல்முறையாகச் சோதிக்க வேண்டாம். உங்களுக்கு எப்படி என்று தெரியாவிட்டால், அன்று முன்பு குடித்த எதையும் நினைவுபடுத்தாத பானத்தை எடுங்கள்.

நடுராத்திரியில குடிக்கணும்னு வெறி வந்தா என்ன பண்றது?

முதலில் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். பாரின் வாசனை, வெளிச்சம், அந்தக் குறிப்பிட்ட நண்பர் கூட்டம், எதுவாக இருந்தாலும் நூறடி தள்ளிப் போங்கள். அந்த வேகம் அப்படியே நீடிக்காது. உச்சிக்குப் போய் இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலைச்சறுக்கு என்று சொல்லிக் கொடுத்தார்: எதிர்த்து மல்லுக்கட்டாமல், எழுவதையும் இறங்குவதையும் கவனித்துக்கொண்டே கடப்பது.

பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது இருக்கிறது என்றும் பாருங்கள். குடியை விட்டவர்கள் குழுக்களில் நெடுங்காலமாகச் சொல்லித்தரும் பட்டியல் இது. திருவிழாவில் நள்ளிரவுக்குள் நான்குமே சேர்ந்து வருவது சகஜம். சாப்பிடுங்கள், உட்காருங்கள், ஒருவருக்குப் போன் போடுங்கள். சிக்னல் கிடைக்காது என்பதால் யாரை எங்கே பார்ப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

குடிக்காதவங்களுக்குன்னு விழாவுல தனி இடம் இருக்குமாமே?

சில விழாக்களில் உண்டு. இதற்கு ஒரு பழைய மரபே இருக்கிறது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ரசிகர்களில் குடியையும் போதையையும் விட்டவர்கள் 1980-களில் 'வார்ஃப் ராட்ஸ்' என்று சேர்ந்தார்கள். கச்சேரி நடக்கும் இடத்தில் ஒரு மேசை, அதில் மஞ்சள் பலூன். இடைவேளையில் அங்கே ஒரு சின்னக் கூட்டம். ஃபிஷ் குழுவின் ரசிகர்களிடம் 'ஃபெலோஷிப்' என்ற பெயரில் அதே ஏற்பாடு, அதே மஞ்சள் பலூன். 2006-இல் தொடங்கிய 'த ஃபீனிக்ஸ்' அமைப்பும் இசை விழாக்களில் ஆட்களைச் சேர்க்கிறது. அதில் சேரக் கட்டணம் இல்லை, 48 மணி நேரம் குடிக்காமல் இருந்திருந்தால் போதும்.

நீங்கள் போகும் விழாவில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் பார் இல்லாத மூலைகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் நல்லா குடிக்கிறவன் நான். விழா நடக்கிற 3 நாளும் நிறுத்திடலாமா?

தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் 'டெலிரியம்' என்ற நிலை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். அதாவது மூன்று நாள் திருவிழா மொத்தமும் அபாயக் காலம். வெயிலில், தூக்கமில்லாமல், 'ஹேங்ஓவர்தான்' என்று கூட இருப்பவர்கள் சொல்லிவிடுகிற இடத்தில் அது நடக்கக் கூடாது. மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

என் கிளாஸ்ல யாராவது எதையாவது கலந்துட்டா?

குடிக்காதவர் கிளாஸிலும் கலப்பார்கள், சில நேரம் 'தமாஷுக்கு' மதுவையே. உங்கள் பானத்தை நீங்களே வாங்குங்கள், மூடியுள்ள பாட்டிலை எடுங்கள், வைத்துவிட்டுப் போனதைத் திரும்பக் குடிக்காதீர்கள். காரணமில்லாமல் தலை சுற்றினால் தனியாக எங்கும் போகாமல், நம்பிக்கையானவரோடு மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். நான் குடிக்கவே இல்லை என்று அங்கே அழுத்தமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் சாதாரண போதை என்று நினைத்துவிடுவார்கள்.

ஒரு கிளாஸ் குடிச்சிட்டேன். இனி எல்லாம் போச்சுல்ல, தொடரலாம்ல?

ஒரு கிளாஸ், ஒரு கிளாஸ்தான். 'கெட்டது கெட்டுப்போச்சு' என்ற எண்ணம்தான் அடுத்த ஐந்தைக் கொண்டுவரும். இருக்கிற கிளாஸைக் கீழே வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், முன்பே சொல்லிவைத்த அந்த ஒரு நபரைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வண்டிச் சாவி உங்களிடம் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். டைசல்ஃபிராம் எடுப்பவர் என்றால் உடம்பு எப்படி இருக்கிறது என்று காத்துப் பார்க்க வேண்டாம், நேரே மருத்துவக் கூடாரம். மற்றவர்கள் அன்றிரவே வீட்டுக்குப் போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் தூங்குங்கள். ஏன் குடித்தோம் என்பதை மறுநாள் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம்.